ஏழாவது சிவப்புப் பொட்டு

அக்டோபர் 14, திங்கள்

கூட்டம் இந்தத் தடவையும் என் கேலரியில்தான். தெருவில் ஏழு கேலரி, என்னிடம் ஆறு நாற்காலி. கழுத்துத்துண்டு (மூலைக் கேலரிக்காரர், எந்தக் காலத்திலும் கழுத்தில் ஒரு துண்டு சுற்றியிருப்பார்) நின்றுகொண்டே பேசினார், அதனால் அதிகம் பேசினார்.

வருடத்தில் ஒரு சனிக்கிழமை. நாலு மணி முதல் ஒன்பது வரை வண்டி வராமல் தெருவை அடைத்து, எல்லாக் கதவையும் திறந்து, மேசை போட்டு, பாட்டு வைத்து, ஊரைக் கூப்பிடுகிறோம். அந்த ஐந்து மணி நேரத்துக்கு ஒரு மாதச் சண்டை. விளக்குச் சரம் வெள்ளையா மஞ்சளா என்பதிலேயே முக்கால் மணி போயிற்று. கடைசியில் போன வருடச் சரமே போதும் என்று முடிந்தது. அது எங்கே இருக்கிறது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தெருவை அடைக்க அனுமதி, பாட்டுக்காரர்கள், எதிர்மாடிப் பல் டாக்டரின் புகார் – மூன்றும் என் தலையில். பன்னிரண்டு வருடமாக என் தலையில். ஐம்பத்தேழு வயதில் முழங்கால் கேட்கிறது, உனக்கு எதுக்கு இந்த வேலை என்று.

அக்டோபர் 15, செவ்வாய்

கேலரிக்கு மேல்மாடியில் இருக்கிற அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். விழாவுக்கு வரைகிற படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். முடிக்காமல் காட்ட மாட்டார்.

"இந்த வருஷம் எந்தச் சுவர், பாப்பா?"

"எப்பவும் குடுக்கற சுவர்தான்."

"வெளிச்சம் பத்தாது."

"வேணும்னா கூரையைப் பிரிச்சிடறேன்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என்னைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

அக்டோபர் 23, புதன்

யாரிடமும் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

அண்ணி காலமான பிறகு அண்ணன் ஒரு வருடம் பிரஷ்ஷைத் தொடவில்லை. அதற்கப்புறம் ஒரே ஒரு படம் போட்டார், தெரு விழாவுக்காக. அன்று காலையில் சொன்னார்: "இது போகலேன்னா பிரஷ்ஷைக் கழுவி வெச்சிடறேன், பாப்பா. போதும்." சாயங்காலம் எட்டு மணி வரை ஒருவரும் அந்தப் படத்தின் முன்னால் நிற்கவில்லை. எட்டு ஐந்துக்கு நானே டப்பாவைத் திறந்து, விற்ற படத்துக்கு ஒட்டுகிற சிவப்புப் பொட்டில் ஒன்றை எடுத்து அதற்குப் பக்கத்தில் ஒட்டினேன். மாடிக்குப் போய் "போச்சு" என்றேன்.

அவர் முகம் – அதைப் பார்த்த பிறகு எப்படி நிறுத்துவது?

ஆறு வருடம். ஆறு படம். ஆறும் இரண்டு கடை தள்ளி பிரேம்காரரின் பரணில், துணி சுற்றிக் கிடக்கின்றன. வந்த பணத்தைக் கடை வாடகைக்கு வைத்துக்கொள் என்று அண்ணனே சொல்லிவிடுவதால் அந்தக் கேள்வி எழவில்லை. யார் வாங்கினார்கள் என்றும் கேட்க மாட்டார். விழா அன்று கீழே இறங்கவும் மாட்டார்; கூட்டம் ஆகாது. மாடி ஜன்னலில் உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் ஒரே வார்த்தை: "போச்சா?"

பிரேம்காரர் இன்று மறுபடி ஆரம்பித்தார். "அக்கா, பரண்ல இடமே இல்ல. என் சாமான வெக்க நான் எங்க போறது?"

"இன்னும் ஒண்ணுதான்."

"இதையேதான் போன வருஷமும் சொன்னீங்க."

நவம்பர் 2, சனி

அனுமதி வந்துவிட்டது. விளக்குச் சரத்தில் பாதி எரியவில்லை. கால் வலி. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 8, வெள்ளி

அண்ணன் படத்தைக் கொடுத்தார். எதிர்க் கட்டடத்தின் பின்பக்க இரும்புப் படிக்கட்டு. மூன்றாவது படியில் ஒரு வாளி. அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது. தங்கச்சி என்பதால் சொல்லவில்லை, நிஜமாகவே.

ரசமட்டம் வைத்து மாட்டினேன். குமிழி நடுவில் நிற்கிறது, ஆனால் தள்ளி நின்று பார்த்தால் ஏதோ ஒரு பக்கம் இழுக்கிறது. இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். என் கண் அசதிதான். ஐந்து மணிக்கே படுத்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

நேற்று விழா. என் மேலேயே எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

எப்போதும் எட்டு மணிக்கு மேல்தான் பொட்டு ஒட்டுவேன். அதுவரை ஒரு நப்பாசை, யாராவது வருவார்களோ என்று. நேற்று அந்த நப்பாசைக்குக்கூடத் தெம்பில்லை. பல் டாக்டரிடம் ஒரு சண்டை, மேசை வரவில்லை என்று இன்னொரு சண்டை. தொலையட்டும், ஒரு வேலை முடிந்தது என்று ஐந்தரைக்கே ஒட்டிவிட்டேன்.

ஆறு மணிக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது இருக்கும். தோளில் பெரிய பை, வேலை முடிந்து நேராக வந்தவள் போலிருந்தாள். படிக்கட்டுப் படத்துக்கு முன்னால் நின்றாள். நின்றாள், நின்றாள். மற்ற கேலரிகளுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து நின்றாள்.

"அந்த வாளி, யாரோ இப்பதான் வெச்சிட்டு உள்ள போன மாதிரி இருக்குங்க. இது... போயிடுச்சா?"

என் வாய் சொல்லிற்று: "போயிடுச்சு."

ஆறு வருடப் பழக்கம்! யோசிக்கவே இல்லை. அவள் முகம் வாடியது. "குடுத்து வெச்சவங்க" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் கழுத்துத்துண்டு ஓடி வந்து விளக்குச் சரம் அணைந்துவிட்டது என்று கையைப் பிடித்து இழுத்தார். நான் திரும்பி வரும்போது அவள் இல்லை. தெருமுனை வரை ஓடினேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. எல்லோர் முதுகும் ஒரே மாதிரி இருந்தது.

ஏழு வருடத்தில் நிஜமாக வந்தவள் ஒருத்தி. அவளையும் நானே விரட்டினேன். நான் எல்லாம் ஒரு கேலரிக்காரி!

மாடியில் "போச்சா?" என்றார். "போச்சு" என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார்.

நவம்பர் 19, செவ்வாய்

வந்துவிட்டாள்! கதவைத் தள்ளிக்கொண்டு அவளாகவே.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையாம். "தப்பா நினைக்காதீங்க. அந்தப் படத்த வாங்கினவங்ககிட்ட, குடுப்பாங்களான்னு ஒரு வார்த்த கேட்டுப் பாக்கறீங்களா?"

உள்ளே போய் இரண்டு நிமிடம் சும்மா நின்றேன். வெளியே வந்து, அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பொய்க்கு மேல் பொய். விழா முடிந்ததும் பரணுக்குப் போயிருந்த படத்தை வாங்கப் போனபோது பிரேம்காரர் புதுத் தாள் போட்டுச் சுற்றிக் கொடுத்தார்.

போகும்போது கேட்டாள்: "மாட்டினதும் வரைஞ்சவர் ஒரு தடவ வந்து பாப்பாரா?"

நவம்பர் 21, வியாழன்

அண்ணனிடம் சொன்னேன். வரமாட்டார் என்று நினைத்தேன். "எந்தச் சட்டை போட்டுக்கறது?" என்கிறார்.

டிசம்பர் 1, ஞாயிறு

எக்ஸ்ரே அம்மாவின் வீடு இரண்டாவது மாடி. அண்ணன் படிக்குப் படி நின்று ஏறினார். கூடத்தில், சாப்பாட்டு மேசைக்கு மேலே படம். தன் படத்தை வேறொருவர் வீட்டுச் சுவரில் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்றோ. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

படம் கோணலாக மாட்டியிருந்தது. நன்றாகவே தெரிந்தது. அவர் கை தானாகப் போயிற்று நிமிர்த்த.

"ஐயோ சார், அப்படியே விடுங்க" என்றாள். "நேரா மாட்டினா கட்டடம் இடது பக்கம் சாயுது. ராத்திரி சாப்பிட உக்காந்தா தலைல விழற மாதிரி இருக்கு. அதான் நானே கொஞ்சம் திருப்பி வெச்சேன்."

வெகுளியாகச் சொன்னாள். எலும்புக் கோணலை நாளெல்லாம் பார்க்கிற கண். எனக்குக் காது சுட்டது. அண்ணன் பக்கத்தில் போய்ப் பார்த்தார், தள்ளிப் போய்ப் பார்த்தார். பிறகு டீ குடித்தார், நன்றாகத்தான் பேசினார்.

பஸ்ஸில் ஜன்னல் வழியே கட்டடங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "மத்த ஆறும் யார் வீட்டுல இருக்கு? எனக்குப் பாக்கணும். எல்லாமே சாயுதான்னு தெரியணும்."

பஸ் நிறுத்தத்திலேயே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நின்றுகொண்டு, பையைக் கட்டிக்கொண்டு.

"ஒண்ணுகூடவா?" என்றார்.

"ஒண்ணுகூட."

டிசம்பர் 5, வியாழன்

பேசவில்லை. தட்டை வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். காலித் தட்டு வாசலில் இருக்கிறது. அவருக்காகத்தானே செய்தேன்? அவருக்காகவா, அந்த முகத்தை நான் பார்க்க முடியாது என்பதற்காகவா?

டிசம்பர் 13, வெள்ளி

பிரேம்காரர் ஆறு படத்தையும் சுமந்துகொண்டு மாடிக்குப் போனார். அண்ணன் நேராக அவரிடமே போய்க் கேட்டிருக்கிறார். நானும் பின்னாலேயே ஏறினேன்.

சுவரோரமாக வரிசையாக வைத்தார். தண்ணீர்த் தொட்டி, மாடிக் கொடி, ஒரே படத்தில் மூன்று ஜன்னல், சந்து, கதவு, மதில். ஒன்றாகப் பார்த்ததும் எனக்கே தெரிந்தது. ஆறும் இடது பக்கம் சாய்கின்றன. வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கூட.

"வீடெல்லாம் குடிச்சிட்டு நிக்குது" என்றார் அண்ணன். பன்னிரண்டு நாளில் முதல் வார்த்தை.

பிரேம்காரர் மெதுவாக, "நான் அப்பவே கவனிச்சேன் சார். ஸ்டைலுன்னு நினைச்சிட்டேன்" என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். கத்தவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"பொய் சொன்னே, போகட்டும். படத்த ஏன் ஒளிச்சு வெச்சே? போகாத படம் கண் முன்னாடி கிடக்கும். காலைல எழுந்ததும் மூஞ்சியக் காட்டும். அதப் பாத்துப் பாத்துத்தான் அடுத்தது சரியாகும். ரெண்டாவது வருஷமே எனக்குத் தெரிஞ்சிருக்கும், பாப்பா. ஆறு வருஷம் அதே தப்பப் பண்ண விட்டுட்டே."

எனக்கும் பொறுக்கவில்லை. "போகலேன்னா கழுவி வெச்சிடறேன்னு சொன்னது யாரு? நானா? அத மனசுல வெச்சிக்கிட்டு நான் எத்தன வருஷம்..." முடிக்க முடியவில்லை. அழுதுவிட்டேன். அசட்டு அழுகை. பிரேம்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் அவர்தான் குனிந்து நாற்காலியை ஆட்டிப் பார்த்தார். முட்டி வலி வந்த பிறகு அண்ணன் நின்று வரைவதில்லை; ஆறேழு வருடமாக அந்த நாற்காலிதான். ஒரு கால் குட்டை. பிரேம் வெட்டின துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கீழே ஒட்டிவிட்டுப் போனார். நாற்காலியா, கண்ணா, எது காரணம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 6, வியாழன்

அண்ணன் பேசுகிறார். உப்புக் குறைவு, ஜன்னல் துடைக்கவில்லை, அந்த மாதிரி. படம் பற்றிப் பேச்சே இல்லை. ஆறும் சுவரோரம் அப்படியே. வரைகிற பலகையில் ஒன்றுமில்லை.

ஜூன் 20, வெள்ளி

கண்ணாடி மாற்றினார். பலகையில் ஏதோ இருக்கிறது, திருப்பி வைத்திருக்கிறார். நான் கேட்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று விழா. பதிமூன்றாவது. சரம் மஞ்சள் – புதுசு, கழுத்துத்துண்டே வாங்கி வந்தார், அதிசயம்.

அண்ணன் நாலு மணிக்கு இறங்கி வந்தார். படத்தை அவரே மாட்டினார். தெருவை மேலிருந்து வரைந்திருக்கிறார்: மடித்து வைத்த மேசைகள், ஆள் இல்லை. ரசமட்டம் கேட்டார், வைத்தார். குமிழியும் நேர், கட்டடமும் நேர். "பொட்டு டப்பாவ எங்கிட்ட குடு" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பக்கத்தில் நாற்காலி போட்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஐந்தாறு பேர் நின்றார்கள். ஒருவர் விலை கேட்டார், யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். எக்ஸ்ரே அம்மா வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நேரா இருக்கு சார்!" என்றாள்.

ஒன்பதுக்குக் கதவை மூடினோம். நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "போகல." படத்தை இடுக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

இன்று காலையில் டீ கொண்டுபோனேன். நேற்றைய படம் ஆறுக்கும் பக்கத்தில், அவர் கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் நிற்கிறது. மேசையில் பிரஷ் அத்தனையும் கழுவி, துடைத்து, குவளையில் நிறுத்தி வைத்திருந்தார். டீயை அதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கழுவிட்டீங்களா?" என்றேன்.

"பின்ன? அழுக்கு பிரஷ்ஷ வெச்சிக்கிட்டு வெள்ளைக் கலர எப்படித் தொடறது?" கட்டிலில் உட்கார்ந்தபடி நேற்றைய படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெள்ளை தீந்துபோச்சு. வாங்கிட்டு வா."

பத்து மணிக்குத்தான் கடை திறப்பான் என்றேன்.

"ஒம்பதே முக்காலுக்குக் கிளம்பு" என்றார்.