வெள்ளைக் கோட்டுப் புல்

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

புதுத் தோட்டத்தில் அழகுப் புல்லில் களையெடுக்கச் சொன்னார் மேஸ்திரி. ஒவ்வொரு தூரிலும் பாதி இலையில் வெள்ளைக் கோடு, பாதி முழுப் பச்சை. நெல் பார்த்த கண் அல்லவா, கோடு விழுந்ததை நோய் என்று பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

"யோவ், கோடு போட்டதுதான்யா அழகு. பச்சை வேகமா வளந்து அதை அமுக்கிடும். பச்சையத்தான் பிடுங்கணும்" என்று தலையில் கைவைத்தார். பயப்படாதே, வேலை போகவில்லை. திரும்ப நட்டுத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

இப்போது தினமும் நன்றாக வளர்வதைப் பிடுங்குகிறேன். முதல் இரண்டு நாள் கை கூசியது. இப்போது ஒன்றும் தோன்றவில்லை.

நம் நெல்லைப் படம் எடுத்து அனுப்பு, பச்சையாக இருக்கும்போதே. ஓரத்தில் நீயும் நில்.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்