மெதுவாக விழுகிறவை

பிப்ரவரி 3
ஏழாம் வகுப்புக்கு ஒரு சவால் வைத்தேன். குழுவுக்கு ஒரு தாள், கொஞ்சம் நூல், ஒரு கிளிப். மாடி வராந்தாவிலிருந்து போட்டால் ஆக மெதுவாகத் தரை தொட வேண்டும். பேசினார்கள், அளந்தார்கள், அழகாகப் படம் வரைந்தார்கள். மணி அடித்தபோது ஒரு குழுகூடத் தாளில் கத்தரி வைத்திருக்கவில்லை.

பிப்ரவரி 4
வகுப்பே ‘ஜட்ஜம்மா’ என்று கூப்பிடும் பெண்ணிடம் காரணம் கேட்டேன்.
“ஒரே ஒரு பேப்பர்தானே மிஸ். தப்பாயிடுச்சுன்னா?”
அவள் குழுக்காரன் ஒருவன்: “தப்பானா எங்களைத் தூக்குல போட்டுடுவா மிஸ்.”
எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. ஒற்றைத் தாள் என்று விதி எழுதியது நான். சிக்கனம் என்று நினைத்து, பயத்தைப் பங்கு வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 5
வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை என் வகுப்பைப் பார்க்க வருகிறார். அதை வைத்துத்தான் அடுத்த ஆண்டு எனக்கு வேலை உண்டா இல்லையா என்பது.
அக்கா: “பேசாம போர்டுல ஒரு பாடத்தை நடத்திட்டு வா. பேப்பரைப் பறக்கவிடுறேன்னு வேலையைப் பறக்கவிட்டுடாதே.”
சரிதான். ஆனாலும்—

பிப்ரவரி 6
அலுவலகத்தில் ஒருபக்கம் அச்சடித்துக் கழித்துப்போட்ட தாள்கள். கை கொள்ளுமட்டும் அள்ளிவந்தேன்.

பிப்ரவரி 7
வெட்டினார்கள். கிழித்தார்கள். ஒரே கூச்சல். பிறகு, எப்படியென்று தெரியவில்லை, அமைதி. வராந்தாவிலிருந்து வெள்ளை வெள்ளையாக இறங்கின. கீழே நின்ற தலைகளெல்லாம் அவற்றோடு சேர்ந்து மெல்லத் தாழ்ந்தன. நேரம் காற்றில் படுத்துக் கிடந்தது. நான் யாரென்பதே எனக்கு மறந்துபோயிற்று.
ஜட்ஜம்மாவுடையது மறுபடியும் கல்லாய் விழுந்தது.
“இன்னொண்ணு குடுங்க மிஸ்!” நீட்டிய கை. கண்ணில் துளி பயமில்லை.
திரும்பினால் தலைமையாசிரியை. தோளில் ஒரு காகிதத் துணுக்கு.
“என்னம்மா இது, வகுப்பா, சந்தைக்கடையா?”
போய்விட்டார்.
போச்சு. எல்லாம் போச்சு. அக்கா அப்பவே சொன்னாளே.

மார்ச் 2
தகவல் இல்லை. வேறு பள்ளிக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் தாள்கள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. ஒன்றும் தரை தொடுவதில்லை. வருத்தமா இது? இல்லை போலிருக்கிறது.

மார்ச் 28
அடுத்த ஆண்டுக்கான அட்டவணையை ஒட்டிவிட்டார்கள். ஏழாம் வகுப்பு அறிவியலுக்கு நேரே என் பெயர். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல. ஓரத்தில், தலைமையாசிரியையின் கையெழுத்தில்: ‘முடிந்ததும் பெருக்கிவிட்டுப் போகவும்.’