குருத்தோலையைத் தடி என்றார்கள்

1994 செப்டம்பர் 6
இக்கெடி ஓவெரி நகரத்திலிருந்து தன் புத்தகத்தின் அச்சுப்படியைக் கொண்டுவந்தான். நம் மாவட்டத்தின் வரலாறு. மகன் பேராசிரியர், பிழை பார்க்க மட்டும் அம்மா வேண்டும். பார்த்தேன். கன்னியர் மடத்துச் சகோதரிகள் பழக்கிய கண்.

அறுபத்திரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். “1929 டிசம்பரில் தடிகள் ஏந்திய பெண்கள் கும்பல் ஆற்றங்கரை ஆங்கிலேய அரசு அலுவலகத்தைத் தாக்க முனைந்தது. படையினர் வேறு வழியின்றிச் சுட்டனர்.”

வெள்ளைக்காரன் வரியை எதிர்த்துப் போன அந்தக் கும்பலில் என் அம்மா இஹுவோமா இருந்தாள். திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது ஐந்து வயது.

செப்டம்பர் 7
சாப்பாட்டின்போது கேட்டேன்.
“தடின்னு யாருடா சொன்னது?”
“விசாரணை அறிக்கைம்மா. அச்சடிச்ச சாட்சியம்.”
“சாட்சி சொன்னவன் யாரு?”
“சுட்ட அதிகாரிதான். அங்க வேற யாரும்மா எழுதி வச்சாங்க?”
“நான் சொல்றேனே, எழுது.”
சிரித்தான். “அடிக்குறிப்புல என்ன போடட்டும்? ‘எங்கம்மா சொன்னாங்க’ன்னா?”

என் கணவர் கொர்னேலியுஸ் இருந்திருந்தால் இவன் காதைத் திருகியிருப்பார். அந்த வரி மாறாவிட்டால் பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் மனப்பாடம் செய்வார்கள். என் அம்மா தடி தூக்கிய கும்பல்காரியாகவே இருந்துவிடுவாள்.

செப்டம்பர் 8
தூக்கமில்லை. குச்சியில் பனங்குருத்தோலை சுற்றிப் பிடித்த பெண்மேல் எந்த ஆணும் கை வைக்கக் கூடாது. இங்கே இது தெரியாத ஆண் உண்டா? பட்டாளத்துக்காரனுக்கும் தெரியும் என்று நினைத்துத்தான் அம்மா அதை ஏந்தி நேரே நடந்தாள். அவள் செய்த தவறு அது ஒன்றுதான்.

அக்டோபர் 2
ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பூசை முடிந்ததும் நுவாகேகோவிடம் அந்த வரியை வாசித்துக் காட்டினேன். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி.
“உன் மகன் வீட்டுல போய் உட்காரப் போறோம், பிலோமினா. நீ வராதே. உன் செருப்பு மண்ணாயிடும்.”

பெண்களை இழிவுபடுத்தியவன் முற்றத்தில் உட்கார்ந்து, அவன் மன்னிப்புக் கேட்கும்வரை வசைப்பாட்டுப் பாடுவது வழக்கம். மடத்தில் படித்தவள் நான். எழுபது வயதுவரை ஒருமுறையும் போனதில்லை.
“வரேன்” என்றேன்.

அக்டோபர் 8
வாடகை வேனில் ஓவெரிக்குப் போனோம். எல்லார் கையிலும் குருத்தோலை.
“காகிதம் தின்ன ஆட்டுக்கடா, உன்னப் பெத்தவ காகிதமா?” என்று நுவாகேகோ எடுத்துக் கொடுத்தாள். நானும் பாடினேன். என் மகன் வீட்டு முற்றத்தில், உரக்க.

இக்கெடி வெளியே வந்தான். மன்னிப்புக் கேட்கவில்லை. கையில் கேமரா.
“நிறுத்தாதீங்க, அப்படியே பாடுங்க! அருமையான ஆதாரம்!”

நுவாகேகோ ஓலையைத் தாழ்த்தினாள். “இவங்கப்பன் காலத்து ஆம்பிளைங்க கட்டிலுக்கடியில ஒளிவாங்க. இவன் படம் புடிக்கிறான். எழுந்திரிங்கடி, போலாம்.”

பெத்த வயிறு எரியுதுடா. நான் உனக்கு ஆதாரமா? அம்மா இல்லையா?

1995 மார்ச் 14
புத்தகம் தபாலில் வந்தது. அந்த வரி அப்படியே இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் ஒரு படம். அடியில், “வழக்கொழிந்துவரும் சடங்கில் கிராமப் பெண்கள்.” முன்வரிசையில், வாய் திறந்தபடி, நான்.

தொலைபேசியில் கேட்டேன், என் பெயர் ஏன் இல்லை என்று.
“சொந்த அம்மான்னு தெரிஞ்சா நடுநிலை இல்லன்னு சொல்லிடுவாங்கம்மா” என்றான்.

சரி என்று வைத்துவிட்டேன்.