ஒருவர் பின் ஒருவராக

எங்கள் தொடர்மாடி லிஃப்டில் இன்று புதிதாக ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. சைக்கிளும் மின்சைக்கிளும் ஓட்டுகிறவர்களுக்கான விதிகளாம். வழக்கம்போல் தமிழ் மூன்றாவதாக, பொடி எழுத்தில். ஹெல்மெட் போடவும், பிரேக்கைப் பார்க்கவும், நடைபாதையில் ஓட்ட வேண்டாம், பற்றரியைப் படிக்கட்டில் வைத்துச் சார்ஜ் பண்ண வேண்டாம். ஐந்தாவது வரியில் நின்றுவிட்டேன். இருவர் பக்கம் பக்கமாக ஓட்டக்கூடாது, ஒருவர் பின் ஒருவராகவே செல்ல வேண்டும். நான் இறங்க வேண்டிய மாடி போய்விட்டது.

இதை நீ எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாய்.

பெட்ரோல் இல்லாமல் ஊரே வரிசையில் நின்ற அந்த மாதங்களில்தான், ஐம்பதைத் தாண்டிய நாம் இரண்டு பேரும் சைக்கிளில் ஏறினோம். வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியே கொள்ளுப்பிட்டியில் எங்கள் ஒபிஸ்வரை. எனக்கு அது விளையாட்டு, உனக்குப் பரீட்சை. சந்தியில் நின்ற பொலிஸ்காரரிடம் போய், சைக்கிளுக்கு என்னென்ன சட்டம் என்று சிங்களத்தில் விசாரித்தவள் கொழும்பிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். அந்த மனுஷன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, மணி, பிரேக், லைட், ஒருவர் பின் ஒருவர் என்று சொன்னார். நீ அதைத் துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டாய். உன் தம்பியின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நீ வந்த கோலத்தைப் பார்த்து மீன்காரர்கூடச் சிரித்தார். உனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

எனக்கோ வாய் சும்மா இராது. என்னைக் கண்காணிக்கவென்று நீ எப்போதும் பின்னால்தான் வருவாய். நான் வேகத்தைக் குறைத்தால் நீயும் குறைப்பாய். அப்படியும் நான் உன் பக்கத்தில் வந்துவிட்டால், “லைன்ல போ. சட்டம் சட்டம்தான்” என்பாய். நான் முன்னால் பார்த்தபடி காற்றோடு கத்திக் கத்திக் கதைத்துக்கொண்டு போவேன். அந்தக் காலைகளைப்போல் நான் பிறகு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஒரு நாள், பம்பலப்பிட்டி ஸ்டேஷன் தாண்டியதும், நீயாகவே என் வலப்பக்கம் வந்தாய். “உனக்கு ஒண்டு சொல்லோணும்” என்றாய். மாதக்கணக்காக நான் காத்திருந்த சந்தர்ப்பம் அது, விடுவேனா? உன்னைப்போலவே முகத்தை வைத்துக்கொண்டு, “லைன்ல போ. சட்டம் சட்டம்தான்” என்றேன். நீ சிரித்தாய். சிரித்தபடி பின்னால் போய்விட்டாய்.

ஒபிசில் சைக்கிளைப் பூட்டும்போது என்ன விஷயம் என்று கேட்டேன். மறந்துபோச்சு என்றாய். எதையுமே மறக்காதவள் நீ. எனக்குத் தலைக்குமேல் வேலை, நம்பிவிட்டேன். மூன்று கிழமை கழித்து உன் கணவர் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நீ பொரளையில் கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்ததும், உன் ரிப்போர்ட் அந்தக் காலைக்கு முதல்நாள்தான் வந்ததும்.

வார்டில் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும் என்றேன். நீ வெகு சாதாரணமாக, “நீ சொன்னது சரிதானே. பின்னால வேன் ஒண்டு வந்தது” என்றாய். மன்னிப்பைக்கூடச் சட்டப்படிதான் தந்தாய். எனக்கு அது போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.

மரைன் டிரைவில் இப்போது எங்கு பார்த்தாலும் மின்சைக்கிள். காதில் எதையோ செருகிக்கொண்டு, சத்தமே இல்லாமல் பின்னால் வந்து உரசிக்கொண்டு போகிறார்கள். நீ இருந்திருந்தால் ஒவ்வொருவரையும் மறித்து விசாரித்திருப்பாய். என் மகளும் ஒன்று வாங்கியிருக்கிறாள். போன கிழமை, மழைக்கு இருட்டிக் கிடந்த ஒரு காலையில் இரண்டு பேரும் போனோம். என் பழைய சைக்கிளில் நான் முன்னால். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், அவள் என் வலப்பக்கம் வந்து, “அம்மா, ஒண்டு சொல்லோணும்” என்றாள்.

கையைக் காட்டி ஓரமாக நிறுத்தி, சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு, ஹெல்மெட்டையும் கழற்றிவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

“சொல்லு பிள்ளை, கேட்டுக்கொண்டிருக்கிறன்.”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். என் பின்பக்க லைட் எரியவில்லையாம். அதைச் சொல்லத்தான் வந்தாளாம். லைட்டைப் போட்டேன். ஆனாலும் உடனே ஏறவில்லை. வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டுத்தான் ஏறினேன்.