செவலைக்குப் பத்து நாள்

24-7-1961, திங்கள்

ஆடிக் காற்று முகத்தில் அறைகிறது. ஆத்தூர்ப் பக்கம் போகிற ரோட்டில் எட்டு மைல் மிதிப்பதற்குள் எட்டு தடவை இறங்கியிருப்பேன். மூன்று தடவை காற்றுக்கு, மற்றதெல்லாம் நாய்களுக்கு. மலேரியா ஒழிப்பு வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. எந்த வீட்டில் எத்தனை பேர் என்பதைவிட எந்த வீட்டில் எந்த நாய் என்பதுதான் எனக்கு மனப்பாடம்.

துரத்துகிற நாய் பெரும்பாலும் கடிப்பதில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தால் அதற்கே சப்பென்று ஆகிவிடும். கோயில் முக்கில் ஒரு கறுப்பன், வாலை ஆட்டிக்கொண்டே குரைப்பான். அரிசி மில் வாசலில் ஒரு கிழம், எழுந்திருக்கவே சோம்பல். படுத்தபடி ஒரே ஒரு குரைப்பு, கடமைக்கு. ஞாயிற்றுக்கிழமை இவர்களைப் பார்க்காமல் என்னவோ போல இருக்கிறது. ரோஸ்மேரியிடம் சொன்னேன். “அதுகளையே கட்டியிருக்கலாம்ல?” என்றாள்.

27-7-1961, வியாழன்

இன்று ஒரு நாய்கூடத் துரத்தவில்லை. எல்லாம் காற்றுக்கு ஒதுங்கிவிட்டன போல.

8-8-1961, செவ்வாய்

கடித்தே விட்டது.

சிறுகுளத்துப்பட்டி ஜக்கம்மாளின் செவலை. ஊருக்கு வெளியே கனகாம்பரத் தோட்டம், நடுவில் ஒரு குடிசை. புருஷன் செத்துப் பல வருஷம். அவளும் நாயும் மட்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போய், “காய்ச்சல் உண்டா ஆத்தா?” என்பேன். “ஒண்ணும் இல்ல, போங்க தம்பி” என்பாள். செவலை குரைத்துக்கொண்டே வேலி வரை வந்து வழியனுப்பும். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

இன்று கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டேன். “ஒண்ணும் இல்ல, போங்க” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும். கதவுப் பக்கம் ஓரடி வைத்தேன். குரைக்கவில்லை, நேரே வந்தது. வலது கெண்டைக்காலில் பல் இறங்கியது. விட்டுவிட்டுப் போய்க் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டது.

பக்கத்துத் தோட்டத்து நல்லுசாமி ஓடிவந்தார். போன மாதம் இவருடைய கன்றுக்குட்டி வெறிநாய் கடித்துச் செத்துப்போனது. “ராயப்பராஜ் சார், அன்னைக்கு வந்த வெறிநாயோட இதுவும் மல்லுக்கு நின்னுச்சு. நான் கண்ணால பாத்தேன்” என்றார். கடியைவிட இந்தப் பேச்சுதான் வலித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தெளிவாகச் சொன்னார். வயிற்றில் பதினாலு ஊசி, இன்றே ஆரம்பம். நாயை அடிக்கக் கூடாது. கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால் ஊசியை நிறுத்திவிடலாம். இல்லாவிட்டால்—

9-8-1961, புதன்

ஊசி போட்டுக்கொண்டு நேரே அங்கே போனேன். ஜக்கம்மாள் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். “நாயா? அது ஓடிப்போச்சு” என்றாள். குடிசைக்குப் பின்னால் முனகல் கேட்டது.

“கட்டிப்போடச் சொல்லத்தான் வந்தேன் ஆத்தா. அடிக்கிறதுக்கு இல்ல. அது உசுரோட இருந்தாத்தான் எனக்கும் நிம்மதி.”

என்னையே பார்த்தாள். “ஒங்களுக்காகச் சொல்றீகளா, அதுக்காகவா?”

“இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே தலையெழுத்து.”

வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து கூட்டி வந்து, வாசல் வேப்பமரத்தில் கட்டினாள். நான்தான் அதைக் கடித்தவன் போல என்னைப் பார்த்தது செவலை.

10-8-1961, வியாழன்

கதவு சாத்தியிருக்கிறது. நாய்க்கு வைத்த சட்டி காலி. தலையைத் தரையில் போட்டுக் கிடக்கிறது. பயமாக இருக்கிறது.

வீட்டில் ரோஸ்மேரி, “தண்ணி குடிங்க” என்று செம்பை நீட்டுகிறாள். குடித்து முடிக்கும் வரை என் தொண்டையையே பார்க்கிறாள். தண்ணீரைக் கண்டு மிரள்கிறேனா என்று பார்க்கிறாள், பாவி. சிரிப்பதா அழுவதா? இன்னொரு செம்பும் குடித்தேன், அவளுக்காக.

11-8-1961, வெள்ளி

ஜக்கம்மாள் கையால் கஞ்சி ஊற்ற, செவலை வழித்து நக்கியது. வயிறு புண்ணாக வலிக்கிறது. ஆனாலும் வரும் வழியில் கறுப்பனோடு செத்த நேரம் நின்று பேசினேன்.

12-8-1961, சனி

மறுபடி சாத்திய கதவு. எட்டி நின்று நான் வைத்த ரொட்டியை செவலை மோந்துகூடப் பார்க்கவில்லை. நல்லுசாமி கம்போடு வந்தார்.

“கண்ணு செவந்துருச்சு பாருங்க. எம்புள்ளைக இந்த வழியாத்தான் பள்ளிக்கூடம் போகுதுக. இன்னம் என்னத்தப் பாக்குறது?”

குறுக்கே நின்றேன். “அடிச்சா என் கணக்கு அத்தோட போச்சு. வெறியா இல்லையான்னு தெரியாமலே நான் சாகுற வரைக்கும் பயந்துகிட்டுத் திரியணும். ஆறு நாள்! ஆறே ஆறு நாள் பொறுங்கய்யா!”

கத்திவிட்டேன் போலிருக்கிறது. அவர் முகம் வாடிப்போயிற்று. கம்பைப் போட்டுவிட்டுப் போனவர், கொஞ்ச நேரத்தில் ஒரு புதுக் கயிற்றோடு திரும்பி வந்தார். “அந்தக் கயிறு நைஞ்சு கெடக்கு. இதால கட்டுங்க. அறுத்துகிட்டா எனக்குத்தான பொல்லாப்பு.”

13-8-1961, ஞாயிறு

பூசை முடிந்ததும் போனேன். செவலை சுகம். ஜக்கம்மாளும் நடமாடுகிறாள், முகம் மட்டும் வெளுத்திருக்கிறது.

இதை எழுதிவிட்டு முந்தின பக்கங்களைப் புரட்டினேன். எட்டு, பத்து, பன்னிரண்டு: கதவு சாத்தியிருக்கிறது. ஒன்பது, பதினொன்று, இன்று: நன்றாக இருக்கிறாள். ஒருநாள் விட்டு ஒருநாள்.

அட மடையா. முறைக் காய்ச்சல்! ஊர் ஊராகத் தேடி அலைகிறேன், இங்கே ஆறு நாளாகக் கண்முன்னால் நிற்கிறது. நான் நாயை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

14-8-1961, திங்கள்

நல்லுசாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். செவலை போட்ட சத்தத்தில் காது அடைத்தது. கதவைத் தள்ளினேன். சாக்குகளைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டக் கிடந்தாள். எழுந்து கஞ்சி காய்ச்ச முடியாதவள் நாய்க்கு எங்கே ஊற்றுவாள்? அவள் கை படாததை அதுவும் தொடாது போல.

“ஏன் ஆத்தா சொல்லல?”

“சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவீக. நான் இல்லாட்டி இதை அடிச்சுப் போட்ருவாக. எனக்குன்னு அது ஒண்ணுதான் தம்பி.”

“யாரும் இழுத்துட்டுப் போக மாட்டாங்க. மாத்திரை இங்கயே தாரேன். நாய்க்கு ஒண்ணும் ஆகாது.”

வெளியேயிருந்து நல்லுசாமி குரல் கொடுத்தார்: “ஆகாதுங்கறாருல்ல! நாந்தான் பிடிச்சிருக்கேன், நீ விரலக் குடு.”

ஒரு சொட்டு ரத்தம், பரிசோதனைக்கு, கண்ணாடித் துண்டில். மாத்திரையை என் கண் எதிரே விழுங்கினாள். நல்லுசாமி வீட்டிலிருந்து கஞ்சி வந்தது, அவளுக்கும் செவலைக்கும்.

15-8-1961, செவ்வாய்

மாதா திருநாள். எனக்கொரு மெழுகுவர்த்தி, செவலைக்கொரு மெழுகுவர்த்தி. நாய்க்கு ஏற்றலாமா என்று சாமியாரிடம் கேட்கவில்லை.

16-8-1961, புதன்

காய்ச்சல் வரவேண்டிய முறை நாள். கதவு திறந்திருந்தது!

18-8-1961, வெள்ளி

பத்தாம் நாள். செவலை சாப்பிட்டது, குரைத்தது, என் சைக்கிள் சக்கரத்தில் காலைத் தூக்கியது. டாக்டர், “இனி ஊசி வேண்டாம்” என்றார். ரோஸ்மேரி செம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள், நின்று பார்க்கவில்லை. அடுப்படியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

22-8-1961, செவ்வாய்

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மலேரியாதான். மிச்ச மாத்திரைகள் இன்று தொடங்கின. விழுங்குவதற்கு முன் ஜக்கம்மாள் ஒவ்வொன்றையும் செவலையிடம் காட்டுகிறாள்.

19-9-1961, செவ்வாய்

சுற்று நாள். ஜக்கம்மாள் பூவோடு திண்டுக்கல்லுக்குப் போயிருந்தாள். போகிற இடத்தில் எல்லாம், “காய்ச்சலை மறைக்காதீக” என்று சொல்கிறாளாம், நல்லுசாமி சொன்னார்.

வந்து போனதற்கு அடையாளமாக, வீட்டுக்குள்ளே, கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் தேதி போட வேண்டும். செவலை வாசற்படியில் குறுக்கே படுத்திருந்தது. கட்டு இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை. சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, “தேதி போடணும்ப்பா” என்றேன்.

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. எழுந்து, சோம்பல் முறித்து, ஒரு முழம் தள்ளிப் படுத்தது.