தனுஷ்கோடிக்கு இரண்டு டிக்கெட்

6-12-64, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. அவருடைய காக்கிச் சட்டையை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன். புகை வாசனை வரும். வரட்டும்.

அவர் சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது நான் நெய்வேலி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் புறப்படுகிறேன். நான் திரும்பும்போது அவர் தூக்கம். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதில் பாதி வாசற்படியில் நின்று பேசியது.

இன்றும் அப்படித்தான். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டேன், "எங்கயாவது போவோமா? நாம ரெண்டு பேர் மட்டும்."

"எங்க?"

"ஷிப்ட் சங்குச் சத்தம் கேக்காத ஊருக்கு."

"அப்ப தீவுக்குத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்கு நாள் முழுக்க அதே நினைப்பு. பவர் ஹவுஸ் கேட்டவருக்கு ஆஸ்பத்திரி லைனைக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

8-12, செவ்வாய்

வெயில் கொஞ்சம். கெரசின் வாங்க வேண்டும்.

திருச்சி எக்ஸ்சேஞ்ச் ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அவளை நான் பார்த்ததே இல்லை. இரண்டு வருஷமாகக் குரல் மட்டும் பழக்கம். சொந்த ஊர் மண்டபமாம், இன்றுதான் தெரியும்.

"தீவுன்னா எங்க ஊருக்கு எதிர்லயே இருக்கே. ராமேஸ்வரம் தீவு இல்லாம என்ன? பாம்பன்ல எறங்கி வேற வண்டி மாறி தனுஷ்கோடி போ. இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல். ரெண்டும் ஒரே நிறமா இருக்காது. உன் வீட்டுக்காரர் திரும்பி வரமாட்டேம்பார் பாரு."

செலவு கேட்டேன். சிரித்தாள். தங்கச் சத்திரம் உண்டு. கரையில் மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே குழம்பு வைத்துத் தருவார்களாம். இது நமக்குக் கட்டுப்படியாகும்.

10-12, வியாழன்

முடிவாகிவிட்டது. இரண்டு ராத்திரி.

அவர் முதலில் ராமேஸ்வரம் கோயில், பிறகு தனுஷ்கோடி என்கிறார். நான் முடியாது என்றேன். முதல் ராத்திரியே தனுஷ்கோடி போய்ச் சேர வேண்டும். ஸ்டேஷனில் படுத்துக் கிடந்து, விடியும்போது கடலிலிருந்து சூரியன் வருவதைப் பார்க்க வேண்டும். சாமி எங்கேயும் போகாது.

"பிடிவாதக்காரி" என்றார். சரி என்றும் சொன்னார்.

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று பிளாக்கில் சொல்ல முடியுமா? எதிர் குவார்ட்டர்ஸ் அம்மாளிடம் சேது ஸ்நானம் என்று சொல்லி வைத்தேன். "அடுத்த வருஷம் தொட்டில் கட்டிருவ" என்று கன்னத்தை வழித்தாள். உள்ளே இவர் தலையணையில் முகம் புதைத்துச் சிரிப்பு.

எடுத்துப் போக: போர்வை. டார்ச். புளிச்சோறு. அவருக்குக் காக்கி அல்லாத சட்டை ஒன்று (இருக்கிறதா?).

15-12, செவ்வாய்

டிக்கெட் வாங்கிவிட்டார்! இரண்டு அட்டை. 22 காலை விருத்தாசலத்தில் ஏறி, திருச்சி, பாம்பன், தனுஷ்கோடி. லீவும் கிடைத்தது. சாமி காரியம் என்றதும் ஃபோர்மேன் ஒன்றும் கேட்கவில்லையாம்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில் இப்படி ஆகுமா?

19-12, சனி

லீவ் கேன்சல்.

மண் வெட்டும் மெஷினில் இன்னொரு ஆபரேட்டருக்கு மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் அட்மிட். இவரையும் விட்டால் மெஷினில் உட்கார ஆள் இல்லை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் காலுக்கு சோப்புப் போட்டுக்கொண்டே இருந்தார். போட்ட காலுக்கே மறுபடியும்.

டம்ளரைக் கொஞ்சம் பலமாக வைத்தேன்.

20-12, ஞாயிறு

மேகம். மழை இல்லை.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். எனக்கு மனசு வரவில்லை. இவ்வளவு யோசித்த ஒரு பயணத்தை யாராவது போய்விட்டுத்தான் வரட்டுமே.

கோவிந்தன் ஞாபகம் வந்தது. இவருடைய மெஷினில் ஹெல்பர். பக்கத்துக் கிராமம், நிலம் சுரங்கத்துக்குப் போய், இப்போது பெர்மனன்ட். ஆவணியில்தான் கல்யாணம் ஆனது. மனைவி அஞ்சலை வாயைத் திறந்தால் சிரிப்புத்தான். ஹெல்பருக்கு லீவ் கிடைக்கும்.

சாயங்காலம் இரண்டு பேரையும் வரச் சொன்னேன். கோவிந்தன் வாசலிலேயே நின்றான். "எங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்? வூட்ல அம்மா தனியா கீது."

"ரெண்டு நாள்தானப்பா. நான் பாத்துக்கறேன் உங்கம்மாவை."

அவன் தயங்கிக்கொண்டே இருந்தான். அஞ்சலைதான் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்து, "அக்கா, நான் கடலே பாத்தது இல்லக்கா" என்றாள்.

அப்புறம் நான் விடவில்லை. பிடிவாதமாக டிக்கெட்டை அவள் கையில் திணித்தேன். எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பாம்பனில் மாறணும், ராத்திரியே தனுஷ்கோடி போயிடணும், விடியறதைப் பாக்காம வந்தா நான் பேசமாட்டேன் என்று.

கோவிந்தன் லீவில் ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

22-12, செவ்வாய்

இருட்டோடு எழுந்து புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். அஞ்சலை மஞ்சள் சேலை, தலை நிறையக் கனகாம்பரம். கோவிந்தன் இவருடைய வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான், தோளில் தொங்கியது. பஸ்ஸில் ஏறியும் கையாட்டிக்கொண்டே போனாள்.

எனக்குப் பொறாமை. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பகலெல்லாம் காற்று. மாலையில் மழை.

23-12, புதன்

காலை டியூட்டி. டெலிபோன் போர்டு ஒழுங்காக இல்லை. தெற்கே போகும் வெளியூர் டிரங்க் கால் எல்லாம் இழுபடுகிறது.

ஸ்டெல்லா குரல் வேறு மாதிரி இருந்தது. "மண்டபம் கிடைக்கலை, அதுக்கு அந்தாண்டை ஒண்ணும் கிடைக்கலை கமலா. பாம்பன் இல்லை. ராமேஸ்வரம் இல்லை. ராத்திரியிலேர்ந்து செத்த லைன்."

"மழைக்கா?"

"புயல்ங்கறாங்க. எங்க வீட்டுச் சேதியும் தெரியலை."

அவரிடம் சொன்னேன். "லைன்தானே, சரி பண்ணிருவாங்க" என்றார். சாப்பிட உட்கார்ந்தவர் சாப்பிடவில்லை.

24-12, வியாழன்

ரேடியோவில் சொன்னார்கள். எதிர் வீட்டில் போய்க் கேட்டோம். கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம். தனுஷ்கோடி.

அந்த ஒரு ஊர்ப் பெயர்தான் என் காதில் விழுந்தது. மற்றது எதுவும் ஏறவில்லை. எதிர் வீட்டு அம்மாள் என்னைப் பார்த்து, "நீங்க போறதா இருந்த ஊரு இல்ல?" என்றாள்.

25-12, வெள்ளி

ரயில்.

பாம்பனில் இருந்து ராத்திரி தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட ரயிலைக் கடல் கொண்டுபோய்விட்டது. அப்படியே. பெட்டியோடு. ஒருவரும் மிஞ்சவில்லையாம்.

அந்த வண்டிதான். நான் அவர்களை ஏறச் சொன்ன வண்டி. வேறு வண்டி இல்லை.

பேப்பரை அவர் மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. இந்தக் கை இப்போது தண்ணீருக்குள்

எழுத முடியவில்லை.

மாலை.

கோவிந்தனின் அம்மா வந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். தயக்கத்தோடு நின்று, "எம்மா, நீ போன்லதான வேல செய்யற? எம்புள்ள அந்தூருக்குப் போயி மூணு நாளாச்சு. அவங்கிட்ட பேசி, எப்ப வரான்னு கேட்டுச் சொல்லும்மா" என்றாள்.

அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "கேக்கறேம்மா" என்றேன்.

26-12, சனி

அவர் போய்விட்டார். லீவ் எழுதிக் கொடுக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பையில் ஒரு துண்டு, ரொட்டி. "மண்டபம் வரைக்குமாவது போவேன். பொணமாவது..." என்றவர் மீதியை முடிக்காமல் சைக்கிளை எடுத்தார். சைக்கிளை ஸ்டேஷனில் என்ன செய்வார்?

மத்தியானம் ஃபோர்மேன் எக்ஸ்சேஞ்சுக்கே வந்தார். "சங்கரன் எங்கம்மா?"

"மண்டபம்."

கத்துவார் என்று எழுந்து நின்றேன். கத்தவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரெண்டு லீவ் பேப்பர். ஒண்ணுல கையெழுத்தை அடிச்சேன், ஒண்ணுல போட்டேன்" என்றார். "மெஷினை நான் பாத்துக்கறேன், சொல்லுங்க அவன்கிட்ட." போய்விட்டார்.

27-12, ஞாயிறு

ஒன்றும் இல்லை. கோவிந்தன் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயில் சேலையை வைத்துக்கொண்டு சுவரையே பார்க்கிறாள். சோற்றை வைத்துவிட்டு நின்றேன்.

அந்தச் சூரியனை நான்தான் பார்க்க ஆசைப்பட்டேன். அஞ்சலை கடலைப் பார்த்தால் போதும் என்றுதானே சொன்னாள்.

29-12, செவ்வாய்

எழுத்து கோணல்.

பத்து மணிக்கு மேல். போர்டில் திருச்சி விளக்கு. எடுத்தேன்.

"நெய்வேலி, ஒரு டிரங்க் கால்" என்றாள் ஸ்டெல்லா. "யாருக்கு?" என்றேன், வழக்கம்போல. "உனக்குத்தாண்டி" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள்.

அவர் குரல். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. "கமலா. ரெண்டு பேரும் இருக்காங்க."

"எங்க?"

"மண்டபம் கேம்ப்ல. உசுரோட. கமலா? கேக்குதா? உசுரோட இருக்காங்க."

மற்ற விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. ஆபீஸ், ஆஸ்பத்திரி, மைன்ஸ், எல்லோரும் கூப்பிட்டார்கள். நான் "ம்" என்றேன். அது மட்டும்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பிறகு ஓட்டம். பிளாக் பிளாக்காக, வெறுங்காலோடு, அந்த அம்மா வீடு வரைக்கும்.

31-12, வியாழன்

வந்துவிட்டார்கள். கோவிந்தனைப் பார்த்ததும் அவன் அம்மா கட்டிக்கொள்ளவில்லை. முதுகில் நாலு அடி அடித்தாள். அப்புறம்தான் அழுதாள்.

அஞ்சலை கட்டியிருந்தது மஞ்சள் சேலை இல்லை. யாரோ கொடுத்த வேட்டியைச் சுற்றியிருந்தாள். சிரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் பயந்தவள் மாதிரி, "அக்கா, நீ சொன்ன மாரி நாங்க போவல. கோச்சுக்காத" என்றாள்.

நான் அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், தெரு மண்ணிலேயே.

1-1-65, வெள்ளி

வெயில். புது வருஷம் என்று யாரும் சொல்லவில்லை.

மெதுவாக விஷயம் வருகிறது. பாம்பனில் இறங்கியதுமே அஞ்சலைக்கு மயக்கம், வாந்தி. பிளாட்பாரத்திலேயே படுத்துவிட்டாள். பேய்க்காற்று. கோவிந்தன், "அக்கா கண்டிசனா சொல்லிகீறாங்க, எழுந்துரு" என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். "நான் எழுந்துக்கவே இல்லக்கா. அடின்னாலும் அடி, நான் வரலன்னுட்டேன்."

வண்டி போய்விட்டது. இருவரும் ஸ்டேஷன் பக்கம் ஒரு கல் கட்டடத்தில் இருந்திருக்கிறார்கள். கூரை போய், சுவர் நின்றது. பட்டினியாகக் கிடந்து, பிறகு படகில் மண்டபம்.

இன்னொன்றும் சொன்னாள். திருச்சியிலிருந்து கூடவே வந்த ஒரு பெண். கைக்குழந்தை. தனுஷ்கோடிக்காரி, அம்மா வீட்டிலிருந்து புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறவள். பிளாட்பாரத்தில் இவள் தலையைப் பிடித்துக்கொண்டதும் அவள்தான். "எங்க வீட்டுக்கு வந்துரு தாயி, கஞ்சி வச்சுத் தாரேன்" என்று கூப்பிட்டாளாம். வண்டி ஊதியதும் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். ஜன்னலில் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள்.

அதைச் சொல்லிவிட்டு அஞ்சலை தன் கையைத் தானே ஆட்டிப் பார்த்துக்கொண்டாள்.

3-1-65, ஞாயிறு

எக்ஸ்சேஞ்சில் நான் மட்டும். பதினோரு மணிக்கு அஞ்சலை வந்து வாசலில் நின்றாள். வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது. வா என்றேன்.

"அக்கா, அந்தூருக்கு ஒரு போன் போடேன்."

"யாருக்குடி?"

"அந்த அம்மாவுக்கு."

அந்த ஊரே இல்லை என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "பேரு?" என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது?

"கேக்கல. தலய புடிச்சிகினு இருந்தாங்களே, அப்பக்கூட கேக்கல."

திருச்சியைக் கூப்பிட்டேன். ஸ்டெல்லாவிடம், தனுஷ்கோடி வேணும் என்றேன். என்னைப் பைத்தியம் என்பாள் என்று காத்திருந்தேன். மண்டபத்தில் அவள் வீட்டார் பிழைத்தார்கள், தெருவில் பாதிப் பேர் இல்லை.

"யார் கேக்கறாங்க?" என்றாள்.

சொன்னேன்.

"இரு, குடுக்கறேன்" என்றாள். எதையோ சொருகுகிற சத்தம். அப்புறம் வெறும் இரைச்சல். காலி லைனில் எப்போதும் இருக்கும் இரைச்சல்தான்.

ஹெட்போனைக் கழற்றி அஞ்சலை காதில் வைத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"எம்மா," என்றாள். "நாந்தாம்மா. பாம்பன்ல வாந்தி எடுத்தனே, அந்தப் பொண்ணு."