இடது பக்கம் பாடவில்லை

ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். பார்சலைப் பிரித்ததுமே அம்மா, "இது எதுக்கு இப்போ?" என்று கேட்டிருப்பார்கள். அப்பாவுக்குப் பாட்டுக் கேட்க என்று சொல்லுங்கள். தீப்பெட்டி அளவு இருக்கிறதே என்று அலட்சியமாக எங்காவது வைத்துவிடாதீர்கள். அதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டு இருக்கிறது. எல்லாம் உங்களுக்குப் பிடித்தவை. ஒவ்வொன்றாகத் தேடி ஏற்ற மூன்று வாரம் ஆனது.

பக்கவாட்டில் இருக்கும் பொத்தானை மூன்று நொடி அழுத்தினால் உயிர் வரும். நடுப் பொத்தான் பாட, நிறுத்த. மேலே கீழே அழுத்தினால் சத்தம். மற்ற பொத்தான்களைத் தொடவே வேண்டாம். எங்கள் சர்வீஸ் கவுன்டருக்கு வரும் பத்து பிளேயரில் ஏழு, தொட வேண்டாததைத் தொட்டதால் வருவதுதான்.

இரண்டு பஸ் டிரிப்புக்கு நடுவே டிப்போ ஓய்வறையில் ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்களே, அப்போது கேளுங்கள். ஸ்டீயரிங் பிடிக்கும்போது காதில் மாட்டக் கூடாது. உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

போனில் கேட்டால் "ம், சரி" என்பதற்கு மேல் உங்களுக்கு வாய் வராது. அதனால் கடிதமாகவே எழுதுங்கள்.

அன்புடன்,
பட்டாணி

ஜனவரி 17

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். வண்டிதான் மேட்டில் இருமுகிறது. உன் பாட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. அம்மா நீ சொன்ன அதே கேள்வியைத்தான் கேட்டாள், ஒரு சொல் மாறவில்லை.

ஓய்வறையில் எல்லோருக்கும் காட்டினேன். எங்கள் கண்டக்டரைத் தெரியுமல்லவா, தொண்டையைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும் என்பதால் 'அலாரம்' என்று பெயர். அவன் காதில் மாட்டிக்கொண்டு, பெட்டிக்குள் இருக்கும் பாடகரோடு சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டான். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு டிரைவர்கள் எழுந்து திட்டினார்கள். அதிலிருந்து அவன் கைக்குக் கொடுப்பதில்லை.

பாட்டெல்லாம் நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். ஒரே ஒரு குறை. இடது காதில் வைப்பது பாடவில்லை. வலது மட்டும்தான் பாடுகிறது. ஒரு காதில் கேட்டாலும் பாட்டு பாட்டுதான், அதனால் நீ சிரமப்பட வேண்டாம். தெரியப்படுத்தினேன், அவ்வளவுதான்.

அன்பு அப்பா

ஜனவரி 25

அன்புள்ள அப்பாவுக்கு,

புது இயர்போன் அனுப்பியிருக்கிறேன். கடையிலேயே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன். பழையதைத் திருப்பி அனுப்புங்கள். இடது பக்கக் கம்பி உள்ளே அறுந்திருக்கும். அது இங்கே தினமும் பார்க்கிற சங்கதி. சட்டைப் பையில் சுருட்டித் திணித்தீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம், கேட்டேன் என்றால் வலி கூடிவிடும்.

பட்டாணி

பிப்ரவரி 3

அன்பு மகளுக்கு,

புதியதும் அதே கதைதான். இடது பக்கம் மௌன விரதம். உங்கள் கடைக்குச் சரக்கு போடுகிறவன் உங்களை நன்றாக ஏமாற்றுகிறான். இரண்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வேறு அனுப்பாதே, தபால் செலவுதான் மிச்சம். நான் சட்டைப் பையில் சுருட்டவில்லை. உன் அம்மா தைத்துக் கொடுத்த சின்னத் துணிப்பையில்தான் வைக்கிறேன்.

அம்மா முழங்கால் நலம். நேற்று ஏணி ஏறிப் பரணைச் சுத்தம் செய்தாள்.

அப்பா

பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டையும் சோதித்தேன். இரண்டுமே நன்றாகப் பாடுகின்றன, இரண்டு பக்கமும். எனக்குக் கேட்டது, பக்கத்து மேஜைக்காரருக்கும் கேட்டது, கவுன்டருக்கு வந்த ஒரு அம்மாவுக்கும் கேட்டது.

திரும்ப அனுப்பியிருக்கிறேன். ஒரு காரியம் செய்யுங்கள். காதில் வைக்கும் குமிழில் சின்ன எழுத்தாக இடது, வலது குறித்திருக்கும். அதை மாற்றி மாட்டுங்கள். இடது குமிழை வலது காதில், வலது குமிழை இடது காதில். பிறகு எந்தக் காதில் பாட்டுக் கேட்கிறது என்று ஒரே வரி எழுதுங்கள். வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

பட்டாணி

பிப்ரவரி 20

அன்பு மகளுக்கு,

கடிதமும் இயர்போனும் வந்தன. இங்கே எல்லாம் வழக்கம்போல். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, நானே பிரித்து வாஷர் மாற்றினேன். இப்போது முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது. அம்மா அதன் கீழே ஒரு பாத்திரத்தையும் என் மேல் ஒரு பார்வையையும் வைத்திருக்கிறாள்.

வண்டிக்குப் புது டயர் போட்டார்கள். அலாரம் இப்போது முன்பக்கம் வந்து என் தோளைத் தட்டித்தான் 'போலாம்' என்கிறான். நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன், விசில் சத்தத்தில் பயணிகளுக்குத் தலைவலி வருகிறதாம்.

பாட்டெல்லாம் இப்போது நன்றாகவே கேட்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

பிப்ரவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் கேட்டது ஒரு வரி. நீங்கள் குழாய், டயர் எல்லாம் எழுதினீர்கள், அந்த ஒரு வரியை விட்டுவிட்டீர்கள். கண்டக்டர் எதற்காகத் தோளைத் தட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா?

இயர்போனில் குறை இல்லை. உங்கள் இடது காதில்தான் குறை. உங்களுக்கு அது ஜனவரியிலேயே தெரியும், அதற்கு முன்பும் தெரிந்திருக்கலாம். முப்பது வருடமாக இன்ஜின் உங்கள் இடது பக்கம் உறுமிக்கொண்டிருக்கிறது. இது யார் தப்பும் இல்லை. ஆனால் உங்களுக்குப் பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முன் படிக்கட்டு உங்கள் இடது பக்கம்தான் இருக்கிறது.

போன வருட மருத்துவச் சோதனையில் எப்படித் தேறினீர்கள்?

டிப்போவில் நீங்களே சொல்லிவிடுங்கள். மார்ச் 12 வரை பார்ப்பேன். அதற்குள் சொல்லவில்லை என்றால் டிப்போ மேலாளருக்கு நான் எழுதுவேன். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

பட்டாணி

மார்ச் 6

மகளுக்கு,

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். காது பார்க்கிறவர் ஆறடி பின்னால் நின்று எண்களை முணுமுணுப்பார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு எதிரே மருந்து அலமாரி. அதன் கண்ணாடியில் அவர் உதடு தெரியும். பதினேழு, நாற்பத்தாறு, எண்பத்திரண்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை. போதுமா?

இருபத்தொன்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். என் வண்டியில் ஒரு கீறல் இல்லை, என் பேரில் ஒரு புகார் இல்லை. இன்னும் ஒன்றேகால் வருடம். அதன் பிறகு மாலை போட்டு, கை தட்டி, கௌரவமாக வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்குள் செவிடன் என்று முத்திரை குத்தி இறக்கிவிட்டால், நாளைக்கு ஓய்வறையில் நான் யார்? வண்டி ஓட்டுவதற்குக் கண்ணும் காலும்தான் வேண்டும். எனக்கு இன்னொரு காது இருக்கிறது. வண்டியில் பக்கம் பார்க்கக் கண்ணாடி மூன்று இருக்கிறது.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அவள் சொல்வது என் காதில் விழவில்லை என்றால், அதைக் கல்யாணமான நாளிலிருந்து இருக்கும் வியாதி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மேலாளருக்கு எழுதினால், எனக்கு எழுதுவதை நிறுத்திக்கொள். இதுவும் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

அப்பா

மார்ச் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுதிவிட்டேன். டிப்போ மேலாளருக்கு ஒன்று, உங்களுக்கு இது. இரண்டையும் ஒரே பெட்டியில் இப்போதுதான் போடப் போகிறேன். உங்களுக்குத் தெரியாமல் செய்ததாக இருக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் வரை தபால் வருமென்று பார்த்தேன். நீங்களே சொல்லிவிட்டதாக ஒரு வரி வந்திருந்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். நீங்கள் இனி எழுதாவிட்டால் எனக்கு அழுகை வரும். ஆனாலும் இதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

உங்கள் மகள்

மார்ச் 19

பட்டாணிக்கு,

நிதானமாகப் படி, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பதினைந்தாம் தேதி காலை, இரண்டாவது டிரிப். பள்ளிக்கூட நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. அலாரம் பின்னால் மாட்டிக்கொண்டான், வந்து தோளைத் தட்ட முடியவில்லை. விசில் இரண்டு முறை கேட்டது, எடுத்தேன். முன் படியில் ஒரு பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு ஓடி, பிறகு விட்டுவிட்டாள். முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தது. நல்லவேளை, அவ்வளவுதான்.

வண்டியே என்னைத் திட்டியது. "அந்தம்மா 'இருங்க, இறங்கணும்'னு கத்துறாங்க, நீங்க பாட்டுக்கு எடுக்கிறீங்களே!" என்றார் முன் சீட்டுக்காரர். நான் கீழே இறங்கி அந்தப் பெண்ணிடம் போனேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "பரவாயில்லைங்க. நான் மெதுவா சொல்லிட்டேன் போல."

அவள் மெதுவாகச் சொல்லவில்லை. கடைசி சீட்டு வரை கேட்டிருக்கிறது. என் காதுக்கு இரண்டடி தூரத்தில் நின்று கத்தியிருக்கிறாள், அதற்கு அவளே மன்னிப்புக் கேட்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. யார் திட்டியிருந்தாலும் எதிர்த்துப் பேசியிருப்பேன், அவளிடம் என்ன பேசுவது?

அந்த டிரிப்பை முடிக்கவில்லை. மாற்று டிரைவர் வரும் வரை வண்டியை ஓரம் கட்டினேன். மறுநாள் காலை முதல் வேலையாக மேலாளர் அறைக்குப் போனேன். உன் கடிதம் அப்போது வீட்டுக்கு வரவில்லை, மத்தியானம்தான் வந்தது. அதனால் நீ சொல்லிப் போனேன் என்று நினைத்துவிடாதே. அந்தக் கர்வத்தையாவது எனக்கு விட்டுவை.

எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து அலமாரிக் கண்ணாடி வரைக்கும். முடித்ததும் அவர் அன்றைய தபால் கட்டிலிருந்து ஓர் உறையை எடுத்து என் பக்கம் தள்ளினார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. "அனுப்பினது உங்க பொண்ணுன்னு பின்னாடி போட்டிருக்கு. நீங்களே வந்து சொல்லிட்டீங்க. இனிமே இதை நான் பிரிக்கணுமா என்ன?" என்றார். நல்ல மனுஷன். தானாக முன்வந்து தெரிவித்தார் என்றே எழுதிக்கொண்டார். உன் கடிதம் ஒரு நாள் முந்தியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது, கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ எழுதியது தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

மருத்துவமனையில் பார்த்துவிட்டார்கள். இடது காது திரும்பாதாம். நேரம் குறிக்கும் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வண்டிகள் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் எழுத வேண்டும். முதல் நாள் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் அலாரம் வந்து, என் வலது காதுக்குள் முழுத் தொண்டையில், "அண்ணே, வண்டி வந்தாச்சு, எழுதிக்குங்க!" என்றான். அறையே சிரித்தது, நானும் சிரித்தேன்.

மேலாளர் தந்த உன் உறையை வீட்டில் பிரித்தேன். அவருக்கு எழுதியதைப் படிக்கலாமா என்று யோசித்தேன், பிறகு படித்தேன். என்னைக் காட்டிக்கொடுத்து எழுதியிருப்பாய் என்றுதான் நினைத்தேன். இப்படி எழுதியிருக்கிறாய்: "ஐயா, தயவுசெய்து அவரிடம் தனியாகப் பேசுங்கள். அவருக்கு வலது பக்கமாக உட்கார்ந்து பேசுங்கள். இடது பக்கம் பேசினால், கேட்காமலேயே தலையாட்டிவிடுவார். அக்டோபரில் நான் ஊரிலிருந்து கிளம்பும்போது, பஸ் நிலையத்துப் பெஞ்சில் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து, என் வாழ்க்கையில் மிக முக்கியமான ஒன்றைச் சொன்னேன். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். தலையாட்டினார். அதற்குப் பதில் வருமென்று இத்தனை மாதம் காத்திருந்தேன். கோபத்தில் அதைப் பற்றி மட்டும் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். அவருக்குக் கேட்கவே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது."

இதை நாலு முறை படித்தேன். பிறகு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் ஓர் ஊகம் சொல்கிறாள். சொல்லும்போதே சிரிக்கிறாள், சேலைத் தலைப்பால் கண்ணையும் துடைத்துக்கொள்கிறாள். "யாராம், என்ன வேலையாம்?" என்று என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்?

பெஞ்சில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. நீ கையைப் பிசைந்துகொண்டு ரொம்ப நேரம் பேசினாய். பயணத்தைப் பற்றி ஏதோ சொல்கிறாய் என்று தலையாட்டி வைத்தேன். நீ என் தோளில் சாய்ந்துகொண்டாய். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. மன்னித்துக்கொள்.

தலையாட்டியது ஆட்டியதுதான் பட்டாணி, அதிலிருந்து பின்வாங்க மாட்டேன். ஆனால் எதற்கு ஆட்டினேன் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? கடிதத்தில் எழுதாதே. கிளம்பி வந்து நேரில் சொல். இந்த வேலையில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

அன்பு அப்பா